அருளப்பன் மேல் படர்ந்த கொடி

பிலோமினாவின் கணவர் அருளப்பன் மேல் ஓர் அபூர்வக் கொடி ஏறியிருந்தது. ஹாலில் மின்விசிறியைப் போடக் கை நீட்டியபோது கணுக்காலைப் பிடித்தது. இப்போது தோளுக்கு வந்துவிட்டது. அவர் கை நீட்டியபடியே நின்றார்.

வனத்துறை அதிகாரி கதிரேசன் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, குடையை விரித்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"உலகத்துலயே மிச்சம் இருக்கிறது இது ஒண்ணுதாம்மா. சாரை அசைய விடாதீங்க."

"அவரு பஸ் டிரைவர் சார். நாளைக்கு டூட்டி."

"பஸ்ஸை இங்கேயே வரச் சொல்லிரலாம்."

பஸ் வந்தது. சமையலறை வரை வந்து நின்றது. பயணிகள் காபி கேட்டார்கள். பிலோமினா திட்டிக்கொண்டே போட்டுக் கொடுத்தாள். சர்க்கரை போதவில்லை என்று ஒருவர் டம்ளரைத் திருப்பி நீட்டினார். பிறகு டீசல் புகை கொடிக்கு ஆகாது என்று கதிரேசனே பஸ்ஸைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

கொடிக்கு ஈரம் வேண்டும். ஹாலில் மழை பெய்ய ஏற்பாடாயிற்று. நிழலும் வேண்டும். ஜன்னலுக்கு வெளியே ஒரு மலையைக் கொண்டுவந்து வைத்தார்கள். அவள் துணி காயப்போடும் இடம் அது.

"ஏங்க, நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"முதுகு அரிக்குது" என்றார் அருளப்பன்.

இலைகளை விலக்கிச் சொறிந்தாள். முதுகு மரப்பட்டைபோல் சொரசொரத்தது. நேரே போய் அரிவாள்மனையை எடுத்து வந்தாள்.

கதிரேசன் தடுக்கவில்லை. "அறுத்தா சாரும் கூடவே வந்துருவாரு. எது கொடி, எது சாருன்னு எங்களுக்கே பிடிபடலை."

அரிவாள்மனையை வைத்துவிட்டு, மார்த்தாண்டத்தில் இருக்கும் அக்காள் வீட்டுக்குப் போவதாகப் பையைத் தூக்கினாள். வாசலுக்குப் போகும் நடை நீண்டுகொண்டே போனது. வழியில் பாசி வழுக்கியது. அட்டை கடித்தது. ஒருவழியாகக் கதவைத் திறந்தாள். அது ஹாலுக்குள் திறந்தது.

கொடி வாடித் தொங்கியது. அருளப்பன் முகமும் வெளுத்திருந்தது.

"நீங்க அந்தப் பக்கம் போனதுமே இப்படி ஆயிருச்சும்மா" என்றார் கதிரேசன். "உங்க வசவுதான் அதுக்குச் சூடு."

"அப்ப நான் என்ன, உரமா?"

அவள் கத்தியதும் ஓர் இலை நிமிர்ந்தது.

"பாத்தீங்களா? நீங்களும் வாழிடத்துல சேர்த்திதாம்மா."

வேறு வழியில்லை. பிலோமினா கதிரேசனைத் திட்டினாள். மழையைத் திட்டினாள். மலையைத் திட்டினாள். இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்த சித்தப்பாவைத் திட்டினாள். இலைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. அருளப்பனின் வெளுத்த கன்னத்தில் மறுபடி ரத்தம் ஏறியது. அவர் காதோரம் ஒரு மொட்டு விரிந்தது.

கதிரேசன் குடையை மடக்கிவிட்டு, நனைந்தபடி கைகூப்பினார்.

பிலோமினா கிட்டே போய்ப் பார்த்தாள். பூ கடுகளவு இருந்தது. நிறமில்லை. மோந்து பார்த்தாள். வாசமும் இல்லை.

"இதுக்கா?" என்றாள்.

பக்கத்தில் இன்னொரு மொட்டு வந்தது.

"விட்றாதீங்கம்மா" என்றார் கதிரேசன்.

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் மெல்லக் கண்ணை மூடித் திறந்தார். பிலோமினா ஈர முந்தானையைப் பிழிந்து இடுப்பில் செருகிக்கொண்டு, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள்.