எலக்ட்ரான் வரிசை

தர்சனாவின் பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து நின்றவள் தர்சனா இல்லை, அவள் தங்கை. பக்கத்து வீட்டுத் தர்சனா திருப்பூரில் தையல் வேலையில் இருந்தாள். கடற்காற்று மேசைமீது மணலை வாரிப் போட்டுக்கொண்டிருக்க, அகதி முகாமில் ஆள் சரிபார்க்க வந்த அதிகாரி அரைக்கண்ணால் பார்த்தார். வயது, உயரம், மூக்கு எல்லாம் ஏறக்குறையப் பொருந்தின. டிக் போட்டார்.

"பேசாம இரு பிள்ளை," என்று றஜிதாவின் கையை அழுத்தினாள் அம்மா குணபூஷணி. "இல்லாட்டி பதிவில இருந்து அவளின்ர பேரை வெட்டிப்போடுவாங்கள்."

ஒரு வாரமாக றஜிதாவை அரித்துக்கொண்டிருந்த சந்தேகத்துக்கு இப்போது முகம் கிடைத்துவிட்டது. எலக்ட்ரானையும் அதன் கனத்த உடன்பிறப்பான மியூவானையும் இயற்கை ஒரே கண்ணால்தான் பார்க்கும் என்கிறது பாடப்புத்தகம். பெரிய துகள் ஒன்று சிதையும்போது இரண்டும் சரிசமமாகப் பிறக்க வேண்டும். இயற்பியல் முனைவர் பட்டத்துக்காக அவள் அலசிய தரவிலோ எலக்ட்ரான் கூடுதல். அந்தப் பாரபட்சம் உண்மையென்றால், இதுவரை யாரும் காணாத புதுத் துகள் ஒன்று நடுவில் புகுந்து விளையாடுகிறது. ஆய்வு வழிகாட்டி சேதுராமனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கட்டுரை வெளிவந்தால் மும்பையில் வேலை, அம்மாவோடு முகாமை விட்டே போய்விடலாம். நல்லது எதுவும் இத்தனை சுளுவாக அவர்கள் வாசலுக்கு வந்ததில்லை. சந்தேகப்படுவது நேர்மையா, வெறும் பழக்கமா என்று அவளுக்கே தெரியவில்லை.

மியூவான் தடித்த இரும்புச் சுவரைத் தாண்டி வந்துதான் தன்னைக் காட்டிக்கொள்ளும், அதில் ஆள்மாறாட்டம் கஷ்டம். எலக்ட்ரானுக்கு அவள் எழுதிய சோதனை? ஏறக்குறையப் பொருந்தினால் டிக். எலக்ட்ரான் போலவே தடம் காட்டும் பையான் துகள்கள் எத்தனை அந்த வரிசையில் எழுந்து நின்றனவோ!

அறைக்கு வந்ததும் சேதுராமனுக்குப் போன் செய்தாள். "சார், எலக்ட்ரான் சோதனையை இன்னும் இறுக்கிப் பார்க்கணும்."

"எல்லாம் பார்த்தாச்சும்மா. கைக்கு வந்ததை நீயே கெடுத்துக்காதே."

"ஒருக்காப் பாத்திடுறன் சார்."

மடிக்கணினியைத் திறந்து சோதனையை இறுக்கினாள். நிரல் ஓடத் தொடங்கியது. தரவில் கால்வாசி முடிவதற்குள், எலக்ட்ரானும் மியூவானும் சமமென்று காட்டும் கோட்டை நோக்கி அவளுடைய முடிவைக் குறிக்கும் புள்ளி கொஞ்சம் இறங்கியிருந்தது. இன்னும் முக்கால்வாசி மீதி.

"றஜிதா, இந்தத் தண்ணி டிரம்மை தர்சனா வீட்டுக்குக் குடுக்கப்போறன்," என்றாள் அம்மா வாசலிலிருந்து. "மும்பைக்குப் போற எங்களுக்கு இனி என்னத்துக்கு?"

றஜிதா நிரலை நிறுத்தாமல் ஓடவிட்டாள். வெளியே அம்மா வெறும் டிரம்மை மணலில் உருட்டிக்கொண்டு போனாள்.