உள்ளே நுழைந்தவர்களின் காத்திருப்பு

தூருன் தப்பைக் கண்டுபிடித்தபோது அதைச் சொல்ல அந்த மாடியில் ஆளே இல்லை. டிரொன்ட்ஹெய்ம் பல்கலைக்கழகத்தில் ஈஸ்டர் விடுமுறை. எல்லோரும் பனிச்சறுக்கு விளையாடக் கிளம்பிவிட்டார்கள்.

தொலைபேசி இணைப்புகளில் துண்டு துண்டாகப் போகும் தகவல் பொட்டலங்கள் வரிசையில் நிற்கும் நேரத்தைக் கணக்கிடுவது அவளுடைய வேலை. சராசரி ஒன்றாகவே இருந்தாலும், சீராக வருவதைவிடக் கும்பல் கும்பலாக வந்தால் காத்திருப்பு எப்போதும் கூடும் என்று அவளும் அதே அறையில் வேலை பார்த்த எய்வினும் சேர்ந்து நிரூபித்திருந்தார்கள். கட்டுரையை ஒரு சஞ்சிகை ஏற்றுக்கொண்டும் விட்டது. இடையில் எய்வினின் மனைவி இறந்துபோனாள். அவன் வேலையை விட்டு வடக்கே பூடோவுக்குப் போய்விட்டான்.

இப்போது கணினி வேறு விடை சொன்னது. தாளில் போட்டுப் பார்த்தாள். அதே விடை. மத்தியானம் அவனுக்குப் போன் செய்தாள்.

"தப்பு வந்தாத்தான் என் நம்பர் ஞாபகம் வருமா?" என்றான் எய்வின்.

"கிண்டல் பண்ணாதே. நிக்கிற இடம் சின்னதா இருந்தா நம்ம நிரூபணம் கவுந்துடுது. கும்பலா வர்றதுல முக்காவாசி வாசல்லயே திரும்பிப் போயிடுது. உள்ள நுழைஞ்சது மட்டும் சட்டுனு வேலை முடிஞ்சு போயிடுது."

"திரும்பிப் போனதெல்லாம்?"

"அதை நாம எண்ணவே இல்லை, எய்வின்."

மறுமுனையில் கெண்டியில் தண்ணீர் கொதிக்கும் சத்தம் கேட்டது.

"எல்லாரும் நிக்க இடம் இருந்தா மட்டும்னு ஒரு நிபந்தனை போடு, சரியாயிடும். என் பேரை எடுத்துடு."

"பாதி உன்னோடதுடா. வந்து ஒரு வாரம் இரு, சேர்ந்தே திருத்தலாம்."

"என்னால முடியாது தூருன். அந்த ரூமுக்குள்ள வந்தா, சாயங்காலம் அவ கீழ கார்ல காத்துட்டிருப்பான்னு தோணும்."

அதற்குமேல் அவள் வற்புறுத்தவில்லை.

நிரூபணத்தைத் திருத்தினாள். அவன் பெயரை அழித்தாள். பிறகு பக்கம் பக்கமாக 'நாங்கள் காட்டுகிறோம்' என்பதையெல்லாம் 'நான் காட்டுகிறேன்' என்று மாற்றினாள். கட்டுரையில் அத்தனை 'நாங்கள்' இருக்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

கோடையில் சரிபார்க்க வேண்டிய அச்சுப்படி வந்தது. ஒருவரே எழுதினாலும் 'நாங்கள்' என்று எழுதுவதே வழக்கம் என்று குறிப்பு வைத்து, சஞ்சிகைக்காரர்கள் எல்லாவற்றையும் பழையபடியே மாற்றியிருந்தார்கள். தூருன் ஜன்னலோரம் நின்றபடி பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்த ரொட்டியைத் தின்று முடித்தாள். ஒரு எழுத்தையும் திருத்தாமல் கையெழுத்திட்டு அனுப்பினாள்.