ஒன்பதுக்கு ஒரு கட்டு

என் ஓரகத்திக்கு இந்தப் பள்ளிக்கூடத்தில் வேலை வாங்கிக் கொடுத்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வேறு யாரும் சொல்லப் போவதில்லை. கொழுந்தனைக் கட்டிக்கொண்டு அவள் எங்கள் வீட்டு மாடிக்குக் குடிவந்த புதிதில், படித்த பெண் சும்மா உட்கார்ந்திருக்கிறாளே என்று தலைமையாசிரியையிடம் போய் நின்று பேசினேன். பாடக்குறிப்பு எழுதுவது, வருகைப் பதிவேட்டில் அடித்தல் திருத்தல் இல்லாமல் குறிப்பது எல்லாம் நான் சொல்லிக் கொடுத்ததுதான். நான் ஐந்தாம் வகுப்பு எடுக்கிறேன். பதினாறு வருடமாக இங்கே கணக்கு டீச்சர் என்றால் நான்தான். அவளுக்கு முதல் வகுப்பைக் கொடுத்தார்கள். அந்த முதல் வகுப்பில்தான் என் மகளும் படிக்கிறாள்.

மகளுக்கு ஆறு வயது. உருண்டையாகப் பிறந்தாள் என்று வீட்டில் பட்டாணி என்று கூப்பிட, அந்தப் பெயர் அவளுக்கு முன்னாலேயே பள்ளிக்கூடம் போய்விட்டது. நாலு வயதில் ஒன்றிலிருந்து நூறு வரை மூச்சு விடாமல் ஒப்பிப்பாள். வீட்டுக்கு யார் வந்தாலும் நாற்காலி மேல் ஏற்றி நிறுத்திவிடுவேன். வந்தவர்கள் முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்படியே அம்மாதான்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நாற்காலியை இழுத்துப் போட்டேன் என்று அப்போது எனக்குத் தெரியாது.

இளையவள், அதாவது என் ஓரகத்தி, வேலைக்கு வந்த மாதமே பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளிவிட்டுத் தரையில் பாய் விரித்தாள். ஐஸ் குச்சிகளைச் சேர்த்துக் கழுவிக் காயவைத்து, பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினாள். பாட்டில் மூடி, சட்டைப் பொத்தான், காலி பால்பவுடர் டப்பா என்று வகுப்பறையைப் பழைய சாமான் கடையாக்கினாள். எங்கள் இரண்டு வகுப்புக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். இந்தப் பக்கம் நான் பதின்மூன்றாம் வாய்ப்பாடு சொல்ல வைத்துக்கொண்டிருப்பேன், அந்தப் பக்கம் குச்சிகள் விழும் சத்தமும் சிரிப்பும் கேட்கும். என் பிள்ளைகளின் கண் என் மேல் இருக்கும், காது தடுப்பில் இருக்கும். கணக்கில் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது? பதினாறு வருடத்தில் என் வகுப்பில் ஒருத்தரும் சிரித்ததில்லை. அதைப் பெருமையாக வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்.

வயிற்றெரிச்சல்தான். அதற்கு வேறு பெயர் வைக்க எனக்குத் தெரியாது. அவளுடைய டப்பாக்களைப் பார்த்தாலே எரிந்தது. சாயங்காலம் பட்டாணி, "சித்தி சொன்னாங்க" என்று வாயைத் திறந்தாலே, "சாப்பிடு" என்பேன். கணக்கில் சந்தேகம் வந்தால் என் பிள்ளை என்னைத் தாண்டி மாடிப்படி ஏறினாள். கணக்கு டீச்சரின் மகள், கணக்குக் கேட்க மாடிக்குப் போகிறாள். இதை யாரிடம் போய்ச் சொல்வது? என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். குடும்பத்துக்குள்ளேதானே என்று சொல்லிவிட்டுப் பல் தேய்க்கப் போய்விட்டார்.

அப்புறம் நோட்டு வீட்டுக்கு வந்தது. ஒன்பதும் இரண்டும் பன்னிரண்டு. ஒன்பதும் நான்கும் பதினான்கு. மற்றதெல்லாம் சரி, ஒன்பது வந்த இடமெல்லாம் தப்பு. கவனக்குறைவு என்று ஸ்கேலை எடுத்தேன். ஒரு வாரம் தினமும் பத்துத் தடவை எழுத வைத்தேன். அடுத்த வாரமும் ஒன்பதும் இரண்டும் பன்னிரண்டுதான்.

ஒருநாள் இளையவள் அந்த நோட்டோடு மாடியிலிருந்து இறங்கி வந்தாள். கண்ணில் அப்படி ஒரு வெளிச்சம்.

"அக்கா, பட்டாணி கவனமில்லாம போடலக்கா. இன்னிக்கு அவ கையையே பாத்துட்டு இருந்தேன். ஒம்பதுன்னா ஒரு கட்டை எடுக்கறா. இருபது ரெண்டு கட்டு, முப்பது மூணு கட்டு, அப்ப ஒம்பது ஒரு கட்டுதானேங்கறா. பேரு அப்படித்தானே இருக்கு?"

நோட்டை வாங்கித் திருப்பிப் பார்த்தேன். ஒன்பது. எத்தனை ஆயிரம் தடவை கரும்பலகையில் எழுதியிருப்பேன். இருபது, முப்பதுக்கு இருக்கிற அதே வால் இதற்கும் இருப்பதை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. பெற்று ஆறு வருடம் வளர்த்த எனக்குத் தெரியாதது இவளுக்கு ஒரே காலையில் தெரிந்துவிட்டது. அதுவும் என் பிள்ளையின் கையைப் பார்த்து.

குச்சியைக் கையில் கொடுத்ததால் வந்த வினை, வாயால் சொன்னபோது சரியாகத்தானே சொன்னாள் என்றேன். அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். வீட்டுக்கென்று ஒரு துணிப்பையில் ஐந்து கட்டுக் குச்சியும் கொஞ்சம் உதிரியும் கொடுத்தாள். "கேட்டுட்டு, அவ கை என்ன பண்ணுதுன்னு மட்டும் பாருங்கக்கா," என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்கே பாடம். பையை அலமாரி மேல் தூக்கிப் போட்டேன்.

மறுநாள் தடுப்புக்கு அந்தப் பக்கம் கைதட்டல். பட்டாணி சொன்னது நியாயம்தான், ஒன்பது என்கிற பெயரே ஏமாற்றுகிறது என்று இளையவள் வகுப்புக்கே சொல்லியிருக்கிறாள். தப்பாகப் போட்டதற்குக் கைதட்டல்! அன்றிலிருந்து முதல் வகுப்பில் ஒன்பதுக்கு ஏமாத்துக்காரன் என்று பெயர். பட்டாணி வீட்டுக்கு வந்து ஏமாத்துக்காரனைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். நான் சாப்பிடச் சொன்னேன்.

ஒரு மாதம் கழித்து, முதல் வகுப்பைப் பார்க்க மேலதிகாரி ஒருவர் வரப்போவதாகக் கடிதம் வந்தது. அவருக்குப் பிடித்துவிட்டால் இளையவள் மற்ற ஆசிரியர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டுமாம். மற்ற ஆசிரியர்கள் என்றால் நானும்தான். பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அவளிடம் பொத்தான் எண்ண வேண்டும். அந்தப் படம் மனதில் வந்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அதிகாரி வருவதற்கு முதல்நாள் சாயங்காலம் அலமாரி மேலிருந்த பையை எடுத்தேன். பட்டாணியைச் சமையலறை மேஜையில் உட்கார வைத்து, கட்டுகளையும் கொஞ்சம் உதிரிக் குச்சிகளையும் பரப்பினேன்.

"ஒன்பது எடு."

அவள் கை நேராகக் கட்டுக்குப் போனது. யோசிக்கக்கூட இல்லை. எடுத்துத் தன் பக்கம் இழுத்தாள். நான் அவள் புறங்கையில் ஓர் அடி வைத்தேன். கட்டு கீழே விழுந்து அடுப்புமேடைப் பக்கம் உருண்டது.

"இன்னுமாடி ஒரு கட்டு? ஒரு மாசமா இதைத்தான் கத்துக் குடுத்தாளா உன் சித்தி?"

அவள் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு கீழே இறங்கிக் கட்டைத் தேடி எடுத்து வைத்தாள். எனக்குக் கோபம் என்றுதான் அவள் நினைத்திருப்பாள். கோபமே இல்லை. உள்ளே குளுகுளுவென்று இருந்தது. பாயும் டப்பாவும் கைதட்டலும் எல்லாம் வெறும் வேஷம், பிள்ளைக்கு ஒன்றும் ஏறவில்லை. ரொம்ப நாளைக்கப்புறம் அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டேன்.

மறுநாள் ஆசிரியர்கள் எல்லோரையும் முதல் வகுப்பின் பின்வரிசையில் உட்கார வைத்தார்கள். அதிகாரி வழுக்கைத் தலையும் மெல்லிய குரலுமாக நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். இருபத்து மூன்று கேட்டார், ஒரு பையன் இரண்டு கட்டும் மூன்று குச்சியும் கொண்டுபோய்க் கொடுத்தான். பதினான்கு கேட்டார், அதுவும் வந்தது. இளையவள் சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு சும்மா நின்றாள். இதற்குச் சம்பளம் வேறு என்று நினைத்துக்கொண்டேன்.

அதிகாரி எங்கள் பக்கம் திரும்பி, நீங்களும் யாராவது ஒரு எண் சொல்லுங்களேன் என்றார். எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். என் வாய் காத்திருக்கவில்லை.

"ஒன்பது சார். அதோ, மூணாவது வரிசையில அந்த ரெட்டைச் சடை."

ரெட்டைச் சடை. காலையில் நான் பின்னிவிட்ட சடை. இளையவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் அதிகாரியைப் பார்த்தேன்.

பட்டாணி எழுந்து டப்பாக்களிடம் போனாள். உதிரிக் குச்சி டப்பாவைத் தாண்டினாள். கட்டு வைத்திருந்த டப்பாவில் கைவிட்டு ஒரு கட்டை எடுத்தாள்.

அந்த நேரத்தில் நான் சந்தோஷப்பட்டேன். மறைத்து என்ன ஆகப்போகிறது? என் பிள்ளை நாலு பேர் முன்னால் தப்புச் செய்கிறாள் என்று எனக்கு நெஞ்சு நிறைந்தது.

அவள் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு ரப்பர் பேண்டை உருட்டிக் கழற்றினாள். கழற்றியதை வளையல் மாதிரி மணிக்கட்டில் மாட்டிக்கொண்டாள். ஒரு குச்சியை உருவி உதிரி டப்பாவில் போட்டாள். மிச்சத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போய் அதிகாரியிடம் நீட்டினாள்.

"பேருல பத்து இருக்கும் சார். உள்ள இருக்காது. ஒண்ணை வெளிய எடுத்துடணும்."

அவர் சிரித்துவிட்டார். குச்சிகளை எண்ணிப் பார்த்தார். இதை யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டார்.

"நானேதான் கண்டுபிடிச்சேன். டீச்சர் பாத்துட்டே இருந்தாங்க."

தலைமையாசிரியைக்குத் தலைகால் புரியவில்லை. கணக்கு டீச்சரோட பொண்ணு சார் என்று என்னைக் காட்டினார். "அதானே பார்த்தேன்," என்று அதிகாரி என்னைப் பார்த்துத் தலையசைத்தார். இல்லை என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். நான் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இளையவள் குனிந்து பாயில் கிடந்த பொத்தான்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

எல்லோரும் போன பிறகு நடைவழியில் அவள் என் பக்கத்தில் வந்து நின்றாள். சண்டைக்கு வருகிறாள் என்று நான் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டேன்.

"நேத்து வீட்டுல ஒம்பது கேட்டீங்களாக்கா?"

"கேட்டேன்."

"கட்டை எடுத்தாளா?"

"எடுத்தா."

"அப்புறம்?"

அவள் குத்திக்காட்டக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். கட்டை எடுத்த பிறகு பிள்ளை என்ன செய்தாள் என்று கேட்கிறாள். கட்டை எடுத்த பிறகு பிள்ளை ஒன்றும் செய்யவில்லை, நான்தான் செய்தேன். மணி அடித்தது. என் வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

பொறாமை போய்விட்டது என்று சொன்னால் பொய். சாயங்காலம் அவள் மாடிப்படி ஏறும் சத்தம் கேட்டபோதும் எரிந்தது. அடுத்த மாதம் பாயில் உட்கார வேண்டும், அதை நினைத்தாலும் எரிகிறது. ஆனால் அன்றைக்கு எல்லாவற்றையும்விட அந்த 'அப்புறம்'தான் சமையலறை வரைக்கும் கூடவே வந்தது.

பட்டாணி பால் குடித்து முடித்ததும் பையை எடுத்து மேஜையில் கொட்டினேன். அவள் முகம் சுருங்கியது.

"இன்னிக்குதான் சரியாச் சொன்னேன்ல?"

"சொன்ன. எனக்கும் ஒரு தடவை செஞ்சு காட்டு."

அவள் கட்டை எடுத்தாள். தன் பக்கம் இழுத்தாள். ரப்பர் பேண்டில் விரலை வைத்தவள் அங்கேயே நிறுத்தி நிமிர்ந்து பார்த்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, என் வலது கையைப் பார்த்தாள். அது எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டுதான் ரப்பர் பேண்டைக் கழற்ற வேண்டும் என்று அந்த ஆறு வயதுக்குத் தெரிந்திருந்தது.

நான் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.