குளம் வத்தின பிறகு

வாங்காதேங்கோ எண்டு எத்தினை தரம் சொல்லியிருப்பன்! நாங்கள் வந்து குடியேறின ஹோர்சன்ஸ் டவுனுக்குள்ள நல்ல நல்ல அப்பார்ட்மென்ட் இருக்க, என்ர மனுசன் சிவானந்தன் போய் இருநூற்றைம்பது வருசத்துப் பழைய மாவு மில்லொண்டை வாங்கினார். ஒருகாலத்தில தண்ணியில சுத்தின மில். கீழே கருங்கல், மேலே மூண்டு தட்டும் மரச்சட்டம். ஒரு இரும்பாணி இல்லை, மரத்துக்குள்ள மரத்தைக் கொழுவி முளை அடிச்சிருக்கு. சமைக்கிற குசினிக்கு நடுவில மரப்பல்லு வைச்ச ஆளுயரச் சில்லு. வாற ஆக்களுக்கெல்லாம் அதைத் தடவித் தடவிக் காட்டுவார். என்னைக்கூட அந்தாள் அப்பிடிப் பாத்ததில்லை, சொல்லிப்போட்டன்.

வீட்டோட ஒட்டினபடி மில் குளம். சுவரெல்லாம் ஈரம், மூலைக்கு மூலை பூஞ்சணம். ரெண்டாம் வருசமே அவருக்கு முட்டு வந்து மூச்சு இழுக்கத் தொடங்கீட்டுது. இருமத் தொடங்கினாரெண்டால் நான் எழும்பிக் குந்தியிருப்பன். முதியோர் இல்லத்தில வேலை செய்யிறவள் நான், நுரையீரல் பழுதான ஆக்களின்ர கடைசி நாளுகளைக் கண்ணால கண்டிருக்கிறன்.

அவர் நியூமோனியாவோட ஆசுபத்திரியில கிடந்த கிழமை, ஒருத்தரையும் கேக்காமல் மதகுப் பலகையளைக் கழட்டிக் குளத்துத் தண்ணியை ஓடவிட்டன். அவர் வந்து, வத்தின குளத்தைச் சுத்தி ஒருக்கா நடந்துபோட்டு உள்ளுக்கு வந்தார். அந்தக் கோடைக்குள்ள சுவர் காய்ஞ்சுது. கொஞ்ச நாளில இருமலும் நிண்டுது. பாத்தீங்களே, நான் செய்தது சரிதானே எண்டு ஆறு வருசமாக் குத்திக் குத்திக் காட்டினன்.

இந்த மாசி மாசம் குசினிச் சுவர் கை நுழையிற அளவுக்கு வெடிச்சுது. கதவொண்டும் பூட்டுப்படேல்லை. கொமூனில, அதுதான் நகரசபையில இருந்து அன்னா எண்டொரு இஞ்சினியர் வந்தா. சுவரடியில தோண்டிக் கறுத்த மரத்துண்டொண்டை எடுத்தா. விரலால அமத்த அது உதிர்ந்து போச்சு.

"இந்தக் கட்டடம் முழுக்க நிலத்துக்குள்ள இறக்கின ஓக் மரக் குத்தியளிலதான் நிக்குது," எண்டா. "தண்ணிக்குள்ள இருக்குமட்டும் அதுக்கு ஒண்டும் நடக்காது. காத்துப் பட்டால் உக்கும். குளத்தை வத்தப்பண்ணினது ஆர்?"

என்ர வாய் ஊருக்கே தெரிஞ்ச வாய். அண்டைக்குக் குனிஞ்சு, உதிர்ந்த மரத்தூளைக் கையால கூட்டினன்.

"நான்தான்," எண்டார் இவர்.

இனித் திருத்தேலாதாம். ரெண்டு கிழமைக்குள்ள வெளிக்கிட வேணுமாம். அன்னா போனதும் நான் குழறிப்போட்டன்.

"ஐயோ, பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிஞ்சுதே! இஞ்சேருங்கோ, உங்கட வீட்டை நானே விழுத்திப்போட்டன். உங்கட நெஞ்சுக்காகத்தானே செய்தனான். இருமலாவது நிண்டுதே, அதை நினைச்சு மனசை ஆத்துங்கோ."

"ஓம், மலர்," எண்டு முதுகைத் தடவினார். காருக்குள்ள பெட்டியள் கிடக்கு, எடுத்துக்கொண்டு வாறன் எண்டு வெளியில போனார்.

கனநேரமா ஆளைக் காணேல்லை. என்ன செய்யிறார் எண்டு இறங்கிப் போனன். காருக்குள்ள நாலு கண்ணாடியையும் ஏத்திப்போட்டு, ஸ்டியரிங்கில நெத்தியைச் சாய்ச்சபடி, உடம்பு தூக்கித் தூக்கிப் போட இருமிக்கொண்டிருந்தார். பக்கத்து சீட்டில இருமல் மருந்துப் போத்திலுகள், எத்தினை எண்டு தெரியாது.

பாவி மனுசன், ஆறு வருசமா என்ர காதுக்கு எட்டாமல் இருமியிருக்கிறார். கதவைத் திறக்க எனக்குக் கை வரேல்லை.