பின் அறையில் ஒரே வருஷம்

என் கடையின் பின் அறையில் உள்ள கம்ப்யூட்டரில் ஓர் அட்டை ஒட்டியிருக்கிறேன்: "யாரும் தொடக் கூடாது." கோபத்தில் எழுதியது. நான் கோபத்தில் எழுதினால் பேனா தாளில் பள்ளம் தோண்டும். அந்த அட்டையைத் தடவினால் எழுத்துகள் விரலில் தட்டுப்படும்.

காதுக் கருவி பொருத்துவது என் தொழில். கருவியைக் கம்ப்யூட்டரோடு இணைத்து, ஆளுக்குத் தகுந்த மாதிரி ஒலியைக் கூட்டிக் குறைத்துக் கொடுப்பேன். ஊரெல்லாம் புதுசுக்கு மாறிய பிறகும் நான் இந்தக் கிழட்டுப் பெட்டியைக் கட்டிக்கொண்டு மாரடிப்பதற்கு இரண்டு கம்பெனிக்காரர்கள் காரணம். முதலாமவன் இதில் ஓடும் இயங்குதளத்தைச் செய்தவன். நன்றாக ஓடிக்கொண்டிருந்ததை ஆறு வருஷத்துக்கு முன்னால், "இத்தோடு நிறுத்துகிறோம், புதியதற்கு மாறுங்கள்" என்று அறிவித்தான். யாரைக் கேட்டான்? இரண்டாமவன் கருவிகளைச் செய்தவன். எப்போது சாக்கு கிடைக்கும் என்று காத்திருந்தவன் மாதிரி, பழைய இயங்குதளத்தில் ஓடும் எங்கள் மென்பொருளுக்கு அந்த வருஷம் டிசம்பர் கடைசியோடு உரிமம் முடிகிறது என்று ஒரு கடுதாசி அனுப்பினான். புது மென்பொருள் புது இயங்குதளத்தில்தான் ஓடும். அதில் பழைய கருவியை மாட்டினால், "ஆதரிக்கப்படாத கருவி" என்று ஒரு வரி வரும். காதில் நன்றாக வேலை செய்யும் கருவியை வைத்துக்கொண்டு மனுஷர்கள் நிற்கிறார்கள், இவன் ஒரு வரியில் கை கழுவிவிட்டான். வயிறு எரியாதா?

எரிந்தது. அதனால் நான் ஒரு வேலை செய்தேன். அந்த டிசம்பர் முடிவதற்குள் கம்ப்யூட்டரின் தேதியை மறுபடி அதே வருஷத்து ஜனவரிக்குத் திருப்பிவிட்டேன். அடுத்த டிசம்பரிலும் அதே. அச்சாகும் அறிக்கைகளில் தேதியைக் கையால் திருத்திக்கொள்வேன். வெளியே ஆறு வருஷம் ஓடிவிட்டது, என் பின் அறையில் மட்டும் ஒரே வருஷம். ஒரு முறை உண்மைத் தேதியைப் பார்த்துவிட்டால் அந்த மென்பொருள் உரிமக் குறியீட்டைத் தானே அழித்துக்கொள்ளும். இதே தில்லுமுல்லு செய்த இன்னொரு கடைக்காரருக்கு அப்படித்தான் ஆனது. பிறகு தேதியை எவ்வளவு பின்னால் தள்ளியும் அது எழுந்திருக்கவில்லை.

இதை நான் சொல்லாமல் மறைத்தது ஒரே ஓர் ஆளிடம், என் அக்காவிடம்.

அக்கா பஸ் ஓட்டுகிறாள், இருபத்திரண்டு வருஷமாக. அவள் இரண்டு காதிலும் இருப்பது நான் பொருத்திய கருவி. டிப்போவில் அவளுக்கு "மணிக்கூண்டு" என்று பட்டப்பெயர். ஒரு நிமிஷம் முந்த மாட்டாள், ஒரு நிமிஷம் பிந்த மாட்டாள். என் வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றும் முன்னால் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பாள். தப்பாக ஓடினால் நாற்காலி போட்டு ஏறித் திருத்திவிட்டுத்தான் தண்ணீர் குடிப்பாள். "தப்பான கடிகாரத்தைப் பாத்தா என் கை சும்மா இருக்காதுடி" என்பாள். அப்படிப்பட்டவளிடம், பொய்த் தேதியில் ஓடும் பெட்டியை வைத்துத்தான் உன் காதைச் சரிசெய்கிறேன் என்று எந்த வாயால் சொல்வது? அவள் நாற்காலியில் உட்காரும் முன்பே மென்பொருளைத் திரை முழுக்க விரித்துவிடுவேன். மூலையில் இருக்கும் தேதி மறைந்துவிடும்.

இந்த வருஷம் அவளுக்கு வலது காது இன்னும் கொஞ்சம் மங்கிவிட்டது. ஓட்டுநர்களுக்கான காதுச் சோதனை வெள்ளிக்கிழமை. கருவி போட்டுக்கொண்டு கேட்கலாம், ஆனால் தேறியாக வேண்டும். தேறாவிட்டால் ஸ்டியரிங்கைத் தொட விட மாட்டார்கள். புதுக் கருவி வாங்கினால் மூளை பழகவே இரண்டு மாதமாகும். பழைய கருவியில் வலது பக்கத்தைக் கொஞ்சம் ஏற்றிவிட்டால் போதும், பத்து நிமிஷ வேலை. புதன்கிழமை பதினொரு மணிக்கு வரச் சொன்னேன்.

அவள் சரியாகப் பதினொன்றுக்கு வந்துவிட்டாள். நான் முன் அறையில் இன்னும் ஒரு பெரியவருக்குச் சோதனை செய்துகொண்டிருந்தேன். அவள் என்னிடம் சைகை காட்டிவிட்டு, சோதனைக்கு இடைஞ்சலாக நிற்காமல் நேரே பின்னால் போனாள். நடைமுறை தெரிந்தவள். கருவிகளைத் தானே கழற்றி இணைப்புப் பெட்டியில் மாட்டி, எனக்காகக் காத்திருந்திருக்கிறாள். கம்ப்யூட்டரை நான் காலையிலேயே ஓட விட்டிருந்தேன், மென்பொருளைத் திறக்கவில்லை. மூலையில் தேதி பளிச்சென்று தெரிந்திருக்கும். பெரியவர் ஒவ்வொரு சத்தத்துக்கும் கை தூக்கி முடிக்க அரை மணி ஆனது.

நான் போனபோது அக்கா பேப்பர் படித்துக்கொண்டிருந்தாள். மென்பொருளைத் திறந்தேன். திரையில் சின்னதாக ஒரு கட்டம் வந்தது.

"உரிமம் காலாவதியானது. குறியீடு நீக்கப்பட்டது."

மூலையைப் பார்த்தேன். இன்றைய தேதி. இன்றைய மணி. நிமிஷம்கூட அச்சுப் பிசகாமல் சரியாக இருந்தது. அக்கா நிமிர்ந்து, கருவி இல்லாதவர்கள் பேசும் அந்தப் பெரிய குரலில், பெருமையாகச் சொன்னாள்.

"ஆறு வருஷம் பின்னாடி ஓடுது, நீ கவனிக்கவே இல்லையா? உள்ள பேட்டரி செத்திருக்கும். நான் சரி பண்ணிட்டேன்."

அவளுக்குக் கேட்காது என்று தெரிந்தும், இல்லை, கேட்காது என்று தெரிந்ததால்தான், நான் வாய்க்கு வந்தபடி கத்தினேன். "ஒரு அட்டை எழுதி ஒட்டியிருக்கேனே, கண்ணு தெரியலையா? எல்லாக் கடிகாரமும் உனக்குத்தான் சொந்தமா?" அவள் என் உதட்டைப் பார்க்காமலிருக்கத் திரையைப் பார்த்துக் கத்தினேன். பிறகு கருவிக் கம்பெனிக்குப் போன் போட்டேன். இருபது நிமிஷம் சங்கீதம் கேட்க வைத்தார்கள். கடைசியில் தேன் குழைத்த குரலில் ஒருவன் வந்தான்.

"அந்த இயங்குதளம் ஓய்வு பெற்றுடுச்சு மேடம்."

"ஓய்வு குடுத்தது நீங்க. அது கேட்டுச்சா?"

"புதுக் கருவிக்கு மாறிக்கலாமே மேடம். நிறைய வசதிகள் இருக்கு."

"வெள்ளிக்கிழமை எங்க அக்காவுக்குச் சோதனை. நீங்க வந்து பஸ் ஓட்டுறீங்களா? ஒரே ஒரு நாளைக்கு உரிமத்தைத் திறந்து விடுங்க. அவ காதை ஏத்திட்டு நானே அந்தப் பெட்டியை உடைச்சுப் போட்டுடறேன்."

"உங்க உணர்வு புரியுது மேடம்."

"புரியலை. புரிஞ்சிருந்தா இந்தக் குரல்ல பேச மாட்டீங்க."

தட்டச்சு சத்தம் கேட்டது. தேன் கொஞ்சம் கெட்டியானது. "உங்க உரிமம் ஆறு வருஷம் முன்னாடியே முடிஞ்சிருக்கு. இவ்வளவு நாள் எப்படி ஓட்டினீங்க மேடம்?"

போனை வைத்துவிட்டேன். இரண்டு கம்பெனிக்காரன் தலையிலும் இடி விழட்டும் என்று மனசாரச் சபித்தேன். சபித்ததில் ஒன்றும் ஆகவில்லை. தேதியைத் திரும்ப ஜனவரிக்குத் தள்ளிப் பார்த்தேன். அதே கட்டம் வந்தது.

அக்கா பேப்பரை மடித்து வைத்திருந்தாள். என் முகத்தைப் பார்த்தே பாதி புரிந்திருக்கும்.

"ஏத்த முடியாதா?"

முடியாது என்று தலையை ஆட்டினேன்.

"நான் அந்தக் கடிகாரத்தைத் தொட்டேனே, அதனாலயா?"

கருவி கழற்றியிருக்கும் நேரத்தில் நாங்கள் பேசிக்கொள்ள மேஜையில் எப்போதும் ஒரு நோட்டு இருக்கும். அதை இழுத்தேன். ஆத்திரம் தீரவில்லை. "ஆமா. உன்னாலதான்" என்று எழுதினேன். அவள் பக்கம் திருப்பப் போகும்போது அவள் கையைப் பார்த்தேன். ஸ்டியரிங் பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன கை, மேஜை விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தது. என் மேலேயே எனக்கு வெறுப்பாக வந்தது. தாளைக் கிழித்துக் கசக்கிப் பையில் போட்டுக்கொண்டு, அடுத்த தாளில் எழுதி நீட்டினேன்: "இல்லக்கா. கம்பெனிக்காரன் நிறுத்திட்டான்."

அக்கா அதை வாங்கிப் படித்தாள். பிறகு நோட்டை ஜன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தாள். கட்டைவிரலால் தாளை மெதுவாகத் தடவினாள், நான் எழுதிய வரிக்கு மேலே, வெறுமையாகத் தெரிந்தாலும் பள்ளம் விழுந்திருந்த இடத்தில்.

நோட்டை மூடி மேஜையில் வைத்தாள். கருவிகளை இணைப்புப் பெட்டியிலிருந்து கழற்றி இடது காதில் ஒன்று, வலது காதில் ஒன்று என்று மாட்டிக்கொண்டாள். இப்போது அவள் குரல் சாதாரணமாக இருந்தது.

"தேதியை நீ எதுக்குப் பின்னாடி வெச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, தொட்டிருக்க மாட்டேனேடி."

"சொன்னா நீ திட்டுவேன்னு..."

"திட்டியிருப்பேன். திட்டிட்டு உக்காந்திருப்பேன்."

அவள் பையை எடுத்துக்கொண்டாள். மதியம் அவளுக்கு வண்டி இருந்தது, நாளைக்கும் இருந்தது. வெள்ளிக்கிழமைக்குப் பிறகு இருக்காது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

முன் அறை வழியாக நடந்து, கதவைத் திறந்து, வெளியே போனாள். முன் அறைச் சுவரில் கடிகாரம் நாலு நிமிஷம் பின்தங்கி ஓடிக்கொண்டிருந்தது. அவள் அதை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.