மணல்திட்டும் எட்டுப் பத்துப் பேருந்தும்

ஒரே பாலம், ஒரே ஜன்னல், ஒரே நேரம். அப்படி இருந்தும் உப்பங்கழியின் நடுவில் கிடந்த மணல்திட்டு இந்த வாரம் கரையைத் தொட எட்டிக் கை நீட்டும். அடுத்த வாரம் கோபித்துக்கொண்டதுபோல் தள்ளிப்போய் நிற்கும். அதற்கடுத்த வாரம் மறுபடி சமாதானமாகிவிடும். கிட்டத்தட்ட எழுநூறு படங்கள் எடுத்தாகிவிட்டது. திட்டு கரையை நோக்கி வருகிறதா இல்லையா என்ற ஒரே கேள்விக்கு எழுநூறும் எழுநூறு பதில் சொல்லின. பல்லுக்காரருக்கு மண்டை காய்ந்தது.

பல்லுக்காரர் என்பது பேருந்துக்காரர்கள் வைத்த பெயர். அவர் மருத்துவர் இல்லை. மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்துப் பல் செட் செய்கிறவர். ஒரு பல் தலைமுடி அளவு உயர்ந்துவிட்டால் போதும், கடிக்கிறவரின் தாடை முழுக்க வலிக்கும். அதனால் அளவு விஷயத்தில் அவர் யாரையும் நம்பமாட்டார், தன் கண்ணையும் சேர்த்து.

படம் எடுக்கத் தொடங்கியது மனைவி போனதற்கு மறுநாள். அவள் நர்ஸ். கடல் தாண்டி ஓர் ஆஸ்பத்திரியில் இரண்டு வருட வேலை. பெட்டிகளோடு இதே பேருந்தில் பாலத்தைக் கடக்கும்போதுதான் அந்தத் திட்டைக் காட்டினாள். கழி கடலில் சேரும் இடத்தில் அப்போதுதான் கல் போட்டு ஒரு சுவர் கட்டியிருந்தார்கள். அலை உள்ளே தள்ளும் மணலை முன்பெல்லாம் கழியின் ஓட்டம் வெளியே இழுத்துப் போய்விடும். சுவர் வந்ததும் ஓட்டம் தளர்ந்தது. தண்ணீர் எங்கே நடை தளர்கிறதோ அங்கே சுமையை இறக்கி வைத்துவிடும். அப்படி இறக்கி வைத்த மணல்தான் திட்டு.

“இது கரையில ஒட்டுறதுக்குள்ள நான் வந்துடுவேன். பந்தயம்” என்றாள். அவர் சிரித்தார். மறுநாள் பக்கத்து இருக்கையில் யாரோ ஒருவருடைய பை உட்கார்ந்திருந்தது. அவர் செல்போனை ஜன்னலுக்கு நேராகப் பிடித்தார்.

இப்போது இரண்டு வருடம் முடியப்போகிறது. இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சொல்லி ஆஸ்பத்திரியில் ஒரு படிவம் கொடுத்திருந்தார்கள். மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டும்.

“நீங்க என்ன சொல்றீங்க?” என்று போனில் கேட்டாள்.

“உன் இஷ்டம்” என்றார். நாக்கு நுனி வரை வந்த ‘வந்துடு’ அங்கேயே நின்றுவிட்டது. அவள் ஆசைப்பட்டுத் தேடிக்கொண்ட வேலை. அதற்குக் குறுக்கே நின்றவன் என்ற பேர் வேண்டாம்.

“சரி, திட்டு என்ன சொல்லுது?”

எழுநூறு படங்களையும் கோத்து, சினிமாபோல் ஓடவிட்டு அனுப்பினார். பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். “என்னங்க இது, ஊஞ்சல் மாதிரி போறதும் வர்றதுமா இருக்கு? உங்கள மாதிரியே, ஒரு முடிவுக்கு வர மாட்டேங்குது.” பிறகு, “ஒண்ணுமே மாறலன்னா நான் எதுக்கு அடிச்சிப் பிடிச்சு ஓடி வரணும்?” என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் அது அவருக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது.

பிழை எங்கே என்று தேட ஆரம்பித்தார். முதல் சந்தேகம் இருக்கைமேல். இடப்பக்கம் மூன்றாவது ஜன்னலில் சில நாள் ஒரு தையல்கார அம்மா உட்கார்ந்துவிடுவார்.

“அம்மா, கொஞ்சம் அந்தப் பக்கம் மாறி உக்காருங்களேன்.”

“ஏன் தம்பி, இந்த சீட்ட உங்க பேருக்கு எழுதி வச்சிருக்கா?” என்றார் அந்த அம்மா. ஆனாலும் நகர்ந்தார்.

அடுத்த சந்தேகம் ஓட்டுநர் பாலத்தின் ஓரமாகப் போகிறாரா, நடுவில் போகிறாரா என்பது. கண்டக்டர் கையெடுத்துக் கும்பிட்டார். “பல்லுக்காரரே, கடலுக்கும் பல்லு கட்டப் போறீங்களா? ஆள விடுங்க சார்!”

இருக்கை சரியானது. செல்போனை வைக்க ஜன்னல் கம்பியில் ஓர் அச்சே செய்து மாட்டினார். நேரத்தில் மட்டும் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. நாலாவது விளக்குக் கம்பம், எட்டு மணி பத்து நிமிடம். இரண்டு வருடமாக அதில் பிசகு இல்லை. விடுமுறை நாளிலும் பாலம் வரை போய்ப் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறவர் அவர். திட்டு மட்டும் ஊஞ்சலாடிக்கொண்டே இருந்தது.

அப்புறம் ஒரு புதன்கிழமை, பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் பேருந்தின் டயர் வெடித்தது. மாற்று டயர் இருந்தது, ஜாக்கி இல்லை. ஜாக்கி வந்தது, அதற்குக் கைப்பிடி இல்லை. ஒருவழியாகக் கிளம்பி நாலாவது கம்பத்தைக் கடக்கும்போது மணி ஒன்பது. இன்றைய படம் கெட்டது என்று முனகிக்கொண்டேதான் எடுத்தார்.

வேலையிடத்தில் பல் அச்சில் ஊற்றிய சாந்து இறுகக் காத்திருந்த நேரத்தில் அந்தப் படத்தையும் முந்தின நாள் படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். கை அப்படியே நின்றது. மேல் பல்லும் கீழ்ப் பல்லும் கடித்ததுபோல் இரண்டும் பொருந்தின. திட்டின் விளிம்பு அதே இடத்தில். அதைவிட ஆச்சரியம், பாலத்தூணில் சிப்பி ஒட்டிய கறுப்புப் பட்டையில் தண்ணீர் நின்ற கோடும் அதேதான். அடுத்தடுத்த நாள் படங்கள் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தி அவர் பார்த்ததே இல்லை. சரியான நேரத்தில் எடுத்தவை பொருந்தவில்லை. தப்பான நேரத்தில் எடுத்தது எப்படிப் பொருந்தும்?

மறுநாள் வேண்டுமென்றே எட்டுப் பத்தை விட்டுவிட்டார். செவ்வாயிலிருந்து புதனுக்கு ஐம்பது நிமிடம் என்றால், வியாழனுக்கு இன்னோர் ஐம்பது. நாலாவது கம்பத்தடியில் நடந்துபோய் நின்று, ஒன்பது ஐம்பதுக்கு எடுத்தார். தண்ணீர் அதே கோட்டில் நின்றது. வேலைக்குத் தாமதமாகப் போனதும் முதலாளி, “என்னய்யா, இன்னிக்கும் டயரா?” என்றார். “இல்ல, நிலா” என்றார் இவர். முதலாளி அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

கடல் ஏறுவதும் வற்றுவதும் நிலாவின் இழுப்பு. நிலா ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் தாமதமாக உதிக்கும். தண்ணீரும் அதே தாமதத்தோடு வரும். எட்டுப் பத்தை விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டதால் அவர் ஒரு நாள் வற்றிய கழியை எடுத்தார், ஒரு வாரம் கழித்து ஏறிய கழியை எடுத்தார். வற்றும்போது திட்டு அகலமாகத் தெரியும். ஏறும்போது விளிம்பெல்லாம் மூழ்கிக் குறுகித் தெரியும். திட்டு ஊஞ்சலாடவில்லை. தண்ணீர்தான் போர்வையை இழுத்து மூடுவதும் விலக்குவதுமாக இருந்திருக்கிறது.

அன்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் எழுநூறிலிருந்து நாற்பத்தெட்டுப் படங்களைப் பொறுக்கி எடுத்து, கோத்து ஓடவிட்டார். திட்டு ஒரு தடவைகூடப் பின்வாங்கவில்லை. மெல்ல, நத்தைபோல், கரையைப் பார்த்து நகர்ந்து வந்தது. முதல் படத்தில் அதற்கும் கரைக்கும் நடுவே ஒன்பது படகுகள் அடுத்தடுத்து நிற்கலாம். கடைசிப் படத்தில் இரண்டுதான். அவர் அதை அனுப்பிவிட்டு, கையில் ஒட்டிய சாந்தைக்கூடக் கழுவாமல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவளே அழைத்தாள்.

“ஏங்க, இது நிஜமாவே இவ்ளோ கிட்ட வந்துடுச்சா?”

“வந்துடுச்சு. இன்னும் ரெண்டு வருஷம் தாங்காது. ஆறேழு மாசத்துல ஒட்டிடும்.”

“அப்ப நான் கையெழுத்துப் போட்டா பந்தயத்துல தோத்துடுவேன்.”

“பந்தயம் கெடக்கட்டும்” என்றார். “நீ வந்துடு. பக்கத்து சீட்டுல ரெண்டு வருஷமா யார் யாரோ உக்கார்றாங்க.”

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. “இத சொல்றதுக்கு உங்களுக்கு ரெண்டு வருஷமா? நான் போடல. போதுமா?” என்றாள். பிறகு, பேச்சை மாற்றுகிறவள்போல், “அது சரி, ஊஞ்சல எப்படி நிறுத்தினீங்க?” என்று கேட்டாள்.

அவருக்கு உற்சாகம் பொங்கிவிட்டது. “ரொம்ப சுலபம். தண்ணி தினம் அம்பது நிமிஷம் தள்ளிப் போகுதா, பதினஞ்சு நாள்ல அரை நாள் தள்ளிப்போயிடும். ஒரு நாளைக்கு ரெண்டு தடவை ஏறி வத்துறதால, அன்னிக்கு எட்டுப் பத்துக்கு மறுபடி அதே அளவுதான் நிக்கும். அதனால தினம் எடுக்கணும், ஆனா பதினஞ்சு நாளுக்கு ஒரு படத்த மட்டும் எடுத்துக் கோக்கணும். தூண்ல தண்ணி அதே கோட்டுல நிக்குதான்னு பாத்துக்கணும். நிக்கலன்னா அதுக்கு முந்தின நாள் படத்த எடுத்துக்கணும். அவ்ளோதான்.”