கரையும் வரை

"வாயைத் தொறங்க" என்றாள் நர்ஸ். ஜவுளிக்கடைக்காரரிடம் அதுவரை யாரும் சொல்ல வேண்டியிராத வார்த்தை அது. நாக்குக்கு அடியில் மாத்திரையை வைத்தாள். "கரையிற வரைக்கும் பேசக் கூடாது. முழுங்கிட்டா வேலை செய்யாது."

முதுகுவலிக்கென்று ஆரம்பித்த வேறொரு மாத்திரை, வாடகைக்கு வந்தவன் வீட்டையே எழுதி வாங்கிக்கொண்ட கதையாக, அவரைப் பிடித்துக்கொண்டிருந்தது. அதிலிருந்து மீட்கத்தான் இது. முன்பெல்லாம் ஒரு வாரத்துக்குச் சேர்த்து வீட்டுக்கே கொடுத்தனுப்புவார்களாம். சிலர் அதை வெளியே விற்கப்போய்ச் சட்டம் மாறியது. இப்போது எல்லோரும் தினமும் வந்து நர்ஸ் கண்ணெதிரே கரைக்க வேண்டும். ஒருத்தன் எடைக்கல்லைத் தேய்த்தால் கடைவீதி முழுக்கத் தராசைத் தூக்கிக் காட்ட வேண்டியதுதான்.

ஆனால் சாயங்காலமானால் இவருக்கு மட்டும் நடுக்கம், வியர்வை, ஓயாத கொட்டாவி. பழைய சரக்கைத் தொடுகிறாரோ என்று டாக்டர் சந்தேகப்பட்டார். மனைவி சந்தேகமெல்லாம் படவில்லை, முடிவே கட்டிவிட்டாள். "பழசைத்தான் திங்கிறீங்கன்னு தெரிஞ்சுது, நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன். அப்புறம் நீங்களாச்சு, உங்க கடையாச்சு." தொடவில்லை என்று சத்தியம் செய்தார். வியாபாரி சத்தியத்தின் மார்க்கெட் விலை கட்டின பெண்டாட்டிக்குத் தெரியாதா?

அதனால் இன்று அவளே கூட வந்து எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நர்ஸ் அடுத்த ஆளைப் பார்க்கத் திரும்பியதும், பக்கத்தில் தன் முறைக்குக் காத்திருந்த பெயிண்டர் மெதுவாகக் கேட்டான்: "அண்ணே, திரைத்துணி மீட்டர் என்ன விலை வரும்?"

ஜவுளிக்கடைக்காரர் மடக்கென்று ஒரு விழுங்கு விழுங்கினார். "உனக்குன்னா தம்பி, அசல் விலை..."

மனைவி எழுந்தே விட்டாள். "நர்ஸம்மா! இவரு பழசைத் தொடல! யாவாரம் பேசி மருந்தை முழுங்குறாரு!"

"நேத்து போர்வை பேசினோம்" என்றான் பெயிண்டர், உதவுவதாக நினைத்து.

"இன்னிக்குப் போனது போனதுதான். இனி நாளைக்குத்தான்" என்றாள் நர்ஸ்.

அன்று மாலையும் நடுங்கினார். அவள் பெட்டி கட்டவில்லை. கம்பளியைப் போர்த்திவிட்டு, வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே கால் பிடித்துவிட்டாள்.

மறுநாள் மாத்திரை வைத்ததும் அவர் பக்கத்திலேயே ஒட்டி உட்கார்ந்தாள். பெயிண்டர் வாயைத் திறக்குமுன் அவளே கூப்பிட்டாள். "தம்பி, அந்தத் திரைத்துணி வேணுமா? பாதி விலைக்கு எடுத்துக்க."

ஜவுளிக்கடைக்காரரின் கண்கள் பிதுங்கின. ஐந்து விரலும் விரிந்து கை மேலே எழுந்தது. அவள் அதைப் பிடித்து இறக்கி, தன் மடியில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"தையல் கூலியும் நம்மளோடதுதான்" என்றாள்.

இறுக மூடிய உதடுகளுக்கு மேலே மீசை மட்டும் துடித்துக்கொண்டிருந்தது.